டாக்டரம்மா கொண்டையை அவிழ்த்த நாள்

முன்ஷி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே, உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இலக்கணம் ஒன்றும் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் முப்பது வருஷமாக வெள்ளைக்காரர்களின் தலையில் கொட்டித் தீர்த்துவிட்டேன். பாதி உள்ளே இறங்கியது, பாதி வழிந்து போயிற்று. கப்பலிறங்கி வரும் துரைமாருக்கும் துரைசானிகளுக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பரீட்சையில் தேறவைப்பது நம் தொழில். என்னென்ன பாடம் என்பதைப் பட்டியல் போட்டே உங்கள் கையில் தருவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு விஷயத்தில் நான் மூக்குடைபட்டேன். அதே விஷயத்தில் பிறகு ஜெயிக்கவும் செய்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். பெருமையாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிக்கு மேற்கே ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், மிஷன் பள்ளிப் படிப்பு. முப்பது வயது. தலையில் வெள்ளைத் தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, காலில் கயிறு கட்டிய பூட்ஸ். தெருவில் போனால் தாசில்தார் போகிறாரோ என்று ஜனங்கள் ஒதுங்குவார்கள். அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அங்கே மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். செம்பட்டை முடியை இறுக்கிப் பின்னால் கொண்டை போட்டு ஏழெட்டு ஊசி குத்தியிருப்பார். முதல் பாடத்தன்றே ஒரு விஷயம் சொன்னார். இங்கிலீஷ் அவருடைய தாய்பாஷை இல்லையாம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் ஒரு சின்னத் தீவு அவர் ஊர். வீட்டில் வேறொரு பாஷை. பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால் வாத்தியார் கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் அடிப்பாராம். வெள்ளைக்காரர் எல்லோருக்கும் ஒரே பாஷைதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த பெரிய படிப்பாளி நான்.

அந்த அம்மாளுக்கு நான் செந்தமிழ் சொல்லிக்கொடுத்தேன். "தங்களுக்கு யாது துன்பம் நேர்ந்தது?" என்று பிசகில்லாமல் கேட்கப் பழக்கினேன். ஒருநாள் வார்டில் எனக்கு எதிரிலேயே அதைக் கேட்டார். கட்டிலில் கிடந்த பெண் திருதிருவென்று விழித்துவிட்டு ஆயாவைப் பார்த்தாள்.

"என்னக்கா சொல்லுதாக?"

"எங்கன நோவுதுன்னு கேக்காக, மக்கா."

தமிழுக்கும் தமிழுக்கும் நடுவே ஒரு துபாஷி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வார்டைப் பெருக்கி, கைப்பிள்ளைகளைக் குளிப்பாட்டும் அந்த ஆயா சாத்தான்குளத்துக்காரி. எழுதப் படிக்கத் தெரியாது. எல்லோரும் சாத்தான்குளத்தக்கா என்றே கூப்பிட்டோம். அவளுடைய சொந்தப் பெயரை அப்போது நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இப்போது நினைத்தால் கூசுகிறது. டாக்டரம்மா ஓய்ந்த நேரமெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுப் பழகுவார். பரீட்சையில் தோற்றுப்போவீர்கள் என்று நான் தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. பரீட்சையில் அவர் தேறினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

என் முதல் தப்பு ஒரு கறுப்புக் கயிற்றில் நடந்தது. நிறைமாதப் பெண் ஒருத்தியை அவள் தாய் அழைத்து வந்திருந்தாள். கையில் கோயில் கயிறு கட்டியிருந்தது. அழுக்குக் கயிறுகளை வெட்டிவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். கத்திரிக்கோலைக் கண்டதும் தாய் கதறினாள். "நேந்து கட்டுன கயிறு, அறுக்காதீக" என்று டாக்டரம்மா காலில் விழுந்தாள். அவள் என்ன சொல்லுகிறாள் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். "ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியைக் கண்டு பயப்படுகிறாள்" என்று சொல்லிவிட்டேன். கயிறு வெட்டுப்பட்டது. அன்று சாயங்காலமே தாய் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வண்டி போனபிறகு ஆயா என்னிடம் வந்தாள்.

"முன்சி ஐயா, கயித்த அறுக்காதீகன்னுல்லா அந்த அம்மா அழுதா. நீங்க வேற என்னமோ சொன்னீக?"

"உள்ளதைச் சொன்னா நம்ம ஜனங்களக் காட்டுமிராண்டின்னு நெனைப்பாகல்லா?"

"அவுக நெனைக்கல ஐயா. நீங்கதான் நெனைக்கீக."

நடையைக் கட்டினேன். திருந்தினேனா என்றால் இல்லை. அடுத்த வாரமே, பிரசவம் தாமதமானால் உங்கள் ஜனங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று டாக்டரம்மா பாடத்தின் நடுவே கேட்டார். ஜெபம் செய்வார்கள், சாமி கும்பிடுவார்கள், வேறொன்றும் இல்லை என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டார்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் இருக்கும். காலை ரயிலில் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாலிபர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அங்கே ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். குடுமி அவிழ்ந்து தோளெல்லாம் கிடந்தது.

"நேத்துக் காலைலேருந்து என் வீட்டுக்காரிக்கு வலி. பிள்ளை குறுக்க கெடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. அம்மைக்குச் சொல்லாம வந்திருக்கேன். டாக்டரம்மாவக் கூப்பிடுங்க ஐயா" என்றார்.

இந்தக் கோலத்தில் டாக்டரம்மா முன்னால் இவரைக் கொண்டுபோய் நிறுத்துவதா என்றுதான் என் புத்தி போயிற்று.

"மொதல்ல குடுமிய முடியும்வே."

"முடியப்படாதுன்னு அம்மை சொல்லிருக்கா."

"பைத்தியக்காரன்னு நெனைப்பாக. முடியும்."

பாவம், முடிந்துகொண்டார். அது அவிழ்ந்து கிடந்த காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் ஒருத்திக்குப் பிரசவம் அடைபட்டு நின்றால் அந்த வீட்டில் எந்தப் பூட்டும் பூட்டியிருக்கக் கூடாது, எந்த முடிச்சும் இறுகியிருக்கக் கூடாது. எல்லாம் திறந்து வழிவிட்டால் பிள்ளைக்கும் வழி பிறக்கும் என்பது நம்பிக்கை. என் சொந்த அத்தைக்கு அப்படிச் செய்ததைப் பார்த்தவன் நான். தெரிந்தும் முடியவைத்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த தப்புகளில் இதற்கு மேல் ஒன்று கிடையாது.

அடுத்த ரயில் மத்தியானம்தான். மிஷன் குதிரை வண்டியில் கிளம்பினோம். வார்டு நிறைந்து கிடந்ததால் ஆயாவைக் கூட்டிப்போக முடியவில்லை. வழியெல்லாம் டாக்டரம்மா தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என் வாக்கியங்களை ஒப்புவித்துப் பார்க்கிறார் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன்.

சேரன்மகாதேவியில் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு பசு கயிறில்லாமல் நின்று யார் வீட்டு வைக்கோலையோ தின்றுகொண்டிருந்தது. யாரும் அதை விரட்டவில்லை. வாத்தியார் வீட்டின் வாசற்கதவு, கொல்லைக்கதவு, ஜன்னல் எல்லாம் மலர்ந்து கிடந்தன. கூடத்தில் மரப்பெட்டிகள் திறந்து கிடக்க, சேலைகள் வெளியே தெரிந்தன. நெல் குலுக்கையின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கிணற்றுக் கயிற்றைக்கூடப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"திருடர் வந்து போன வீடு மாதிரி இருக்கிறதே?" என்று டாக்டரம்மா என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"வெள்ளையடிப்பார்கள் போலிருக்கிறது" என்றேன். அப்போதும் திருந்தவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவ அறையின் நிலைக்கு முன்னால் வாத்தியாரின் தாயார் நின்றார். நரைத்த முடி இடுப்புவரை அவிழ்ந்து கிடந்தது. கண் சிவந்திருந்தது. மகனின் தலையைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

"ஏலே பாவி! குடுமிய ஏம்லே முடிஞ்ச?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் அந்த அம்மாளின் கண் டாக்டரம்மா மேல் விழுந்தது. இறுக்கிய கொண்டை, கயிறு கட்டிய பூட்ஸ், கையில் பித்தளைப் பூட்டுப் போட்ட பெட்டி. அம்மாள் இரண்டு கைகளாலும் நிலையை மறித்துக்கொண்டார்.

"ஒரு நாளா வீட்டுல உள்ளதையெல்லாம் அவுத்துப் போட்டுட்டு உசிரக் கையில பிடிச்சிட்டு நிக்கோம். இந்த அம்மா பூட்டோடயும் முடிச்சோடயும் வந்து நிக்காகளே! என் மருமவ செல்லத்தக் கொல்லவா வந்திருக்காக? உள்ள விடமாட்டேன். யாரு சொன்னாலும் விடமாட்டேன்."

உள்ளேயிருந்து செல்லத்தின் முனகல் கேட்டது. கத்துவதற்குக்கூட வலு இல்லாத முனகல். டாக்டரம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. முகம் வெளுத்து என் பக்கம் திரும்பினார்.

"நேரம் இல்லை, முன்ஷி. என்ன சொல்லுகிறார்?"

தம்பிமார்களே, நம் தொழிலில் இப்படிப்பட்ட இடத்துக்கென்றே சில வாக்கியங்களைத் தயாராக வைத்திருப்போம். பயப்படுகிறார்கள், படிப்பில்லாதவர்கள், சற்றுப் பொறுங்கள் என்று. யாருக்கும் மனம் நோகாது, நம் மானமும் போகாது. எனக்கும் அது நாக்கு நுனியில் வந்து நின்றது. சர்க்கார் பெயரைச் சொல்லி அந்த அம்மாளை மிரட்டி ஒதுக்கலாமா என்றும் ஒரு எண்ணம் ஓடியது. அதே நிமிஷத்தில் அந்தக் கறுப்புக் கயிறு நினைவுக்கு வந்தது. வண்டியில் ஏறும்போது அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இந்தப் பெண்ணும் செத்தால் அது என் வாயால்தான் என்று எனக்குப் பட்டது.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பூட்டு, முடிச்சு, பசு, குலுக்கை எல்லாவற்றையும். என் ஜனங்களின் வழக்கம் இது, நீங்கள் கேட்டபோது மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். இவர் குடுமியை முடியவைத்தவனும் நான்தான் என்றேன். கயிற்றுப் பெண் ஏன் போனாள் என்பதையும் சேர்த்தே கொட்டிவிட்டேன். சொல்லிக்கொண்டே என் தலைப்பாகையை அவிழ்த்துத் தரையில் போட்டேன். குனிந்து பூட்ஸ் கயிற்றை உருவினேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கண்ணில் நீர் கட்டியது. பெட்டியைக் கீழே வைத்துக் கழுத்துச் சங்கிலியில் கிடந்த சாவியால் பூட்டைத் திறந்து மூடியை மலர்த்தினார். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி எறிந்தார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி உருவிப் போட்டார். செம்பட்டை முடி தோளில் சரிந்து விழுந்தது. பிறகு எழுந்து அந்த அம்மாளை நேராகப் பார்த்துப் பேசினார். தமிழில்.

"எங்க ஊர்லயும் அவுப்பாக, ஆத்தா. எங்க அம்மைக்கு வலி வந்தப்பம் எல்லாத்தையும் அவுத்தாக. எங்க அப்பா படகு கயித்தயும் அவுத்துட்டாக. படகு போயிட்டு. தம்பி வந்துட்டான்."

கூடத்தில் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அந்த அம்மாள் நிலையை விடாமலே கேட்டார்.

"படகு போயிட்டா?"

"போயிட்டு, ஆத்தா."

"பெறவு கெடைக்கலியா?"

"இல்ல."

நிலையை மறித்திருந்த கைகள் இறங்கின.

"போனா போட்டும். வா தாயி, உள்ள வா."

அறைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் முற்றத்தில் நின்றோம். குடுமியை மறுபடி அவிழ்த்துவிட்டு வாத்தியார் கிணற்றடியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொல்லலைன்னா அம்மை விட்டிருக்கமாட்டா" என்று மட்டும் சொன்னார். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சட்டைப்பையில் இருந்த என் வீட்டுச் சாவியைக்கூட எடுத்துத் தரையில் வைத்தேன். ஜெபமும் செய்தேன். இரண்டில் எது கேட்கப்படும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"பைய... பைய... பயப்படாத மக்கா. இங்கன புடிச்சுக்க. இப்பம் முக்கு தாயி, முக்கு... அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆறு மாதம் நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு சொல்கூட அதில் இல்லை. வழியெல்லாம் அவர் முணுமுணுத்து வந்தது இதைத்தான். அத்தனையும் சாத்தான்குளத்தக்காவின் பேச்சு. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நிழல் கிணற்றைத் தாண்டி முற்றத்தின் பாதிக்கு வந்தது. குரல் நின்றது. வாத்தியார் எழுந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பட்டென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே பிள்ளையின் அழுகை. வீறிட்ட அழுகை. நான் வாத்தியாரைக் கட்டிக்கொண்டேன். யார் முதலில் அழுதோம் என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் வெளியே வந்தார்.

"ரெண்டு உசிரும் பொழச்சிட்டு! பொண்ணு பொறந்திருக்கா!"

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "பொண்ணா, அத்தே?" என்று இழுத்தாள். அம்மாள் சட்டென்று திரும்பினார்.

"பொண்ணுன்னா குலவை போடப்படாதோ? ஒரு நாள் முழுக்கப் போராடி வந்திருக்கா. போடுங்கட்டி!"

போட்டார்கள் பாருங்கள் ஒரு குலவை. அந்த வீட்டில் தொடங்கியதை அடுத்த வீடு வாங்கி, அதற்கடுத்த வீடு வாங்கி, தெருக்கோடிவரை போயிற்று. ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டாக்டரம்மா அறை வாசலில் நின்றார். வெறுங்கால், அவிழ்ந்த முடி, முழங்கைவரை ஏற்றிய சட்டை, முகமெல்லாம் வியர்வை. அவரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போடப் பார்த்தார். வரவில்லை. பெண்கள் சிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் தடவை வந்துவிட்டது. அப்போது எழுந்த சத்தத்தில் தெருவில் நின்ற பசு மிரண்டு தானாகவே தொழுவத்துக்குள் ஓடி வந்தது.

புறப்படலாம் என்று டாக்டரம்மா ஊசிகளைப் பொறுக்கினார். அந்த அம்மாள் விடவில்லை.

"அவுத்தது இந்த வீட்டுல. முடியுததும் இந்த வீட்டுலதான். இரு தாயி."

டாக்டரம்மாவைப் பலகை போட்டு உட்காரவைத்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, சீவி, அந்த ஊர்ப் பெண்கள் முடிகிற மாதிரி பெரிய கொண்டையாக முடிந்து, பிச்சிப்பூவும் வைத்துவிட்டார். என் தலைப்பாகையை வாத்தியார் கட்டிவிட்டார். கோணலாகத்தான் கட்டினார். அதைத் திருத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வண்டிக்காரனை முன்னால் அனுப்பிவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பினோம். டாக்டரம்மா வெகுநேரம் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்றைக்கு நான் கேட்டபோது நீங்கள் ஏன் சொல்லவில்லை?"

"வெட்கம்."

"எனக்கும் அதுதான். எங்கள் தீவு வழக்கத்தைச் சொல்லத்தான் அன்று வாயெடுத்தேன். நீங்கள் படித்தவர், சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். இன்று அந்த வீட்டைக் கண்டதும் சந்தேகம் வந்தது, நீங்களோ வெள்ளையடிப்பு என்றீர்கள்." பையிலிருந்து நோட்டை எடுத்தார். "இன்னும் எத்தனை மறைத்து வைத்திருக்கிறீர்கள், முன்ஷி?"

பூப்பு வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, பிள்ளைக்குப் பெயரிடுவது, திருஷ்டி கழிப்பது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். அவ்வப்போது பென்சிலை நிறுத்தி, எங்கள் தீவில் இதை இப்படிச் செய்வோம் என்பார். எங்கேயோ கடலுக்கு நடுவில் இருக்கிற ஒரு ஊர் எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வந்ததும் தெரியவில்லை, கார்டு வந்துதான் இறக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரிப் படியில் சாத்தான்குளத்தக்கா காத்திருந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. டாக்டரம்மாவின் தலையைப் பார்த்தாள், அந்தக் கொண்டையையும் பிச்சிப்பூவையும் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"ஆத்தாடி! செயிச்சிட்டு வந்துட்டாகளே!"

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க தலப்பாவுக்கு என்ன வந்துது, முன்சி ஐயா?" என்றாள்.

"அவுத்துட்டேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வழக்கம்போலப் பாடம். வழக்கமாக வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கும், ஒன்று டாக்டரம்மாவுக்கு, ஒன்று எனக்கு. அன்று கொஞ்சம் முன்னதாகவே போய், என் கையாலேயே மூன்றாவது நாற்காலியை எடுத்து வந்து போட்டேன். விளக்குமாற்றோடு நின்ற சாத்தான்குளத்தக்காவைக் கூப்பிட்டேன். வரவே மாட்டேன் என்றாள். டாக்டரம்மா கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அக்கா, உங்க பேரு என்ன?" என்று கேட்டேன். அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்கியது.